பழைய சாலைக்கு மூன்று ஞாயிறு

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்பு மூன்று தெய்வங்கள் கரமனை வழியாகத் திருவனந்தபுரத்துக்குள் எழுந்தருளுகின்றன. பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் யானை மீது வருகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் வருகிறார்கள். வழிநெடுக வீட்டு வாசல்களில் குத்துவிளக்கு எரிகிறது. தட்டில் பழமும் பூவும் வைத்து ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியும், செந்திட்டை அம்மன் கோயிலில் முன்னுதித்த நங்கையும் தங்குகிறார்கள். குமாரசுவாமிக்கு இடம் ஆரியசாலை அம்மன் கோயில். சாலைக் கடைத்தெருக்காரர்களுக்கு அந்தப் பத்து நாளும் முருகன் பக்கத்து வீட்டு விருந்தாளி.

பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே சுமார் 55 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குத் தெய்வங்கள் மூன்று நாள் எடுத்துக்கொள்கின்றன. முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில்; இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில்; மூன்றாம் நாள்தான் திருவனந்தபுரம்.

இதே தூரத்தைச் சாலையில் மூட்டை சுமக்கும் தமிழ்த் தொழிலாளியும், மண்டியில் பேரேடு எழுதும் குமாஸ்தாவும் எப்படிக் கடக்கிறார்கள்? சனிக்கிழமை இரவு கடையடைத்து, தம்பானூரில் ஓடிப்போய் பஸ்ஸில் இடம் பிடித்து, உட்கார்ந்ததும் கண்ணயர்ந்து விடுகிறார்கள். கண் விழிக்கும்போது நாகர்கோவில் வடசேரி. திரும்பும்போதும் அதே கதைதான். சாவு, கல்யாணம், கோயில் கொடை என்று ஆண்டுக்கு ஆறு தடவை இந்தச் சாலையில் போய் வருகிறவருக்கு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருட்டும் தூக்கமும்தான் அவர் கண்ட காட்சி.

தெய்வம் மூன்று நாள் பார்த்து வரும் சாலையை மனிதன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாவது பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டாமா? அதுவும் தனியாக அல்ல, பெண்டாட்டி பிள்ளைகளோடு.

பிள்ளை கேட்கும் கேள்வி

இது வெறும் உல்லாசப் பிரயாணம் பற்றிய பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். சாலையிலும் கரமனையிலும் அட்டக்குளங்கரையிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அது குற்றமல்ல, இருக்கிற ஊரின் பாஷையில் படிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஏதோ ஒரு நாள் எவனோ ஒரு சிறுவன் "பாண்டி" என்று கூப்பிட்டு விடுகிறான். வீட்டுக்கு வந்து, "அப்பா, பாண்டி என்றால் என்ன?" என்று பிள்ளை கேட்கிறது. பெரும்பாலான அப்பாக்களிடம் பதில் இல்லை. ஒன்று கோபம் வருகிறது. இல்லாவிட்டால், "அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள்.

பதில் அந்தப் பழைய சாலையில் இருக்கிறது. யார் எங்கிருந்து வந்தார்கள், யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு அங்கே கல்லிலும் மரத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்த பிள்ளை எவனையும் திருப்பி வைய மாட்டான். தலையைத் தொங்கப் போடவும் மாட்டான்.

கணக்கு சாலையிலேயே தொடங்குகிறது. இந்தக் கடைவீதியை உண்டாக்கியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். அவர் பிறந்த குன்னத்தூர் இருப்பது விளவங்கோடு பக்கம், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது 1795இல். புதிய தலைநகருக்கு அரிசியும் புளியும் உப்பும் துணியும் வேண்டியிருந்தது. அவற்றை வண்டியில் ஏற்றி வந்தவர்களில் தமிழ் வியாபாரிகளும் இருந்தார்கள். அந்த வண்டிகள் வந்து நின்ற இடம்தான் சாலை. அழையா விருந்தாளியாக யாரும் இங்கே வந்துவிடவில்லை.

"சாலை" என்ற சொல்லுக்கே இன்னொரு பழைய அர்த்தமும் உண்டு. கல்விச்சாலை. சோழ மன்னன் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை, இங்குள்ள வலியசாலைதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூரில் 1876இல் பிறந்து, திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்த அதே கவிமணிதான். ஆக இந்தச் சாலையில் மிளகாய் மூட்டை மட்டும் போய் வரவில்லை; படிப்பும் போய் வந்திருக்கிறது.

முதல் ஞாயிறு: தறியும் பலாவும்

ஒரே நாளில் கன்னியாகுமரி வரை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று வேன் பேசுகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. ஆகவே பாதையை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் ஞாயிறு அரை நாள் போதும். நெய்யாற்றின்கரை வரை, சுமார் 20 கிலோமீட்டர்.

கிள்ளிப்பாலம், கரமனை தாண்டியதும் பால ராமபுரம். அவிட்டம் திருநாள் பாலராம வர்மா காலத்தில் (1798–1810) தமிழகத்திலிருந்து சாலிய நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்திய ஊர் இது. இன்று கேரளத்துப் பெண்கள் ஓணத்துக்கு உடுத்தும் கசவு வேஷ்டியும் புடவையும் என்றாலே பால ராமபுரம் பெயர்தான் முன்னால் வரும். 2009இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குழித்தறியில் காலை இறக்கி நெய்யும் அந்தக் கலையை இங்கே கொண்டு வந்தது பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள். ஞாயிறன்று எல்லாத் தறியும் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாலியத் தெருவில் நடந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் கேட்டுவிட்டு எட்டிப் பார்த்தாலே போதும். "பல தலைமுறைக்கு முன்னால் இவர்களும் இன்றைய சாலைத் தொழிலாளி போல வந்தவர்கள்தான்" என்று பிள்ளைக்குச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலா மரத்தின் அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அம்மச்சிப் பலா என்று பெயர். எதிரிகளுக்குப் பயந்து ஓடிய மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழிக் கதை. பின்னால் பெரிய சமஸ்தானத்தை ஆண்டவரும் ஒரு நாள் ஊர் விட்டு ஊர் ஓடி ஒரு மரப்பொந்தில் ஒடுங்கியவர்தான். வாடகை வீட்டில் ஒடுங்கிக் கிடப்பவனுக்கு இதைக் கேட்டால் சற்று ஆறுதலாக இருக்கும்.

நேரமிருந்தால் பக்கத்தில் அருவிப்புரம். நெய்யாற்றங்கரையில் ஸ்ரீநாராயண குரு 1888இல் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த இடம். கோயிலுக்குள் நுழையவே உரிமை மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் தாமே பிரதிஷ்டை செய்தார். அந்தக் காரியத்திலிருந்து கேரளத்தின் புதிய சரித்திரம் தொடங்கியது எனலாம். குரு தவம் செய்த இடங்களில் ஒன்று, இதே சாலையின் மறுமுனையில் இருக்கும் மருத்துவாமலை. அவர் தமிழ் கற்றவர், தமிழிலும் பாடியவர். சாமியார்களுக்குக் களியக்காவிளையில் சோதனைச் சாவடி இருக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு: மலையும் தண்ணீரும்

இரண்டாம் ஞாயிறு முழு நாள். விடியற்காலை பஸ் பிடித்து மார்த்தாண்டம் போக வேண்டும். வழியில் பாறசாலை தாண்டியதும் களியக்காவிளை. கடைப் பலகைகளில் எழுத்து மாறுவதைப் பிள்ளைகளைச் சன்னல் ஓரம் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். எழுத்து மாறுகிறது, முற்றத்துத் தென்னையும் மரச்சீனித் தோட்டமும் ஓட்டு வீடும் மாறுவதில்லை. பேச்சும் உடனே மாறிவிடுவதில்லை. அங்கே தமிழில் மலையாளம் கலந்திருக்கிறது. மலையாளத்தில் தமிழ் கலந்திருக்கிறது.

இந்த எல்லை 1956 நவம்பர் 1ஆம் தேதி போடப்பட்டது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாகாணத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டவற்றில் நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அந்த மண்ணைத் தாண்டும்போது பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும். பகை வளர்ப்பதற்காக அல்ல. எல்லைக்கோடு என்பது பூகோளப் புத்தகத்தில் மையினால் மட்டும் போடப்படுவதில்லை என்று தெரிவதற்காக.

மார்த்தாண்டத்திலிருந்து நகரப் பேருந்தில் சிதறால். வெயில் ஏறுமுன் கல் பாவிய பாதையில் மலை ஏறிவிட வேண்டும். மேலே பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் சமணர்கள் தங்கிப் படித்த இடம். பின்னால் அதுவே பகவதி கோயிலாயிற்று. உச்சியில் நின்றால் கீழே ரப்பர்த் தோட்டமும் வாழையும் தென்னையும் குளமும் பச்சைப் பாய் விரித்தாற்போலத் தெரியும். சாலையில் புளி மண்டிக்குள் பத்து மணி நேரம் நிற்கிறவனுக்கு அந்தக் காற்று ஒரு மருந்து.

அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் ஆட்சியில் திட்டமிட்டு 1966இல் கட்டி முடித்தது. 28 தூண்கள், உயரம் 115 அடி. இரண்டு குன்றுகளுக்கு நடுவில், ஆற்றுக்கு மேலே, தண்ணீர் தொட்டி வழியாக நடந்து போகிறது! பக்கத்திலேயே மனிதரும் நடக்கலாம். விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்து வறண்ட மேடுகளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக எழுந்த பாலம் இது. அரண்மனையும் கோயிலும் மட்டும்தான் சரித்திரம் என்று நினைக்கும் பிள்ளைக்கு, கொத்தனாரும் சித்தாளும் எழுப்பிய சரித்திரத்தை இங்கே காட்டலாம்.

மாலையில் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில். திருவனந்தபுரத்துப் பத்மநாபரைப் போலவே பள்ளிகொண்ட பெருமாள். மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டிய நெடிய திருமேனி. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது. மதியம் நடை சாத்தியிருக்கும். ஆகவே மாலை நேரம்தான் சரி. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேஷ்டி கொண்டு போவது நலம்.

மாசி, பங்குனியில் போனால் அக்கானி கிடைக்கும். மட்டிப்பழம் எப்போதும் உண்டு. 2023இல் இதற்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் ஒரு குப்பி தேன் வாங்கலாம். 1920களில் இங்கே கிராமச் சீரமைப்பு மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் போன்றவர்கள் ஏழை விவசாயிக்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் இனிப்பு நூறு ஆண்டாகத் தொடர்கிறது.

மூன்றாம் ஞாயிறு: அரண்மனையும் திறந்த வீதியும்

மூன்றாவது ஞாயிறுக்கு நேராகத் தக்கலை. முதலில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றபோது பிடிபட்டவர் டிலனாய். கைதியாக வந்தவர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, தளபதியாக உயர்ந்து, 1777இல் இந்தக் கோட்டையிலேயே கண் மூடினார். அவர் கல்லறை இங்கே இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து திருவிதாங்கூர் மன்னருக்கு உழைத்தவரின் கல்லறையில் தமிழ்! வீட்டில் தமிழ் எழுத்துப் படிக்கத் தகராறு செய்யும் பிள்ளையை அந்தக் கல்லின் முன்னால் நிறுத்தி, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும்.

தக்கலையிலிருந்து 2 கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறு உண்டு. காலை ஒன்பதுக்குத் திறந்து, மதியம் ஒரு மணி முதல் இரண்டு வரை மூடி, மாலை நாலரையோடு முடித்துவிடுவார்கள். கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்து, கடைசியாக அரண்மனைக்கு வருகிற வேன்காரர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது அடிக்கடி நடப்பது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியவை கலந்து தேய்த்தது என்கிறார்கள். தாய்க்கொட்டாரத்து மரவேலை, இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரை, கல்தூண் நவராத்திரி மண்டபம் என்று பார்க்கப் பார்க்க முடியாது.

இந்த அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பது கேரளத் தொல்பொருள் இலாகா. இரண்டு சர்க்காருக்கும் தண்ணீர்த் தகராறு உண்டு, எல்லைத் தகராறு உண்டு. ஆயினும் இந்த வீட்டை 1956 முதல் இப்படியே காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நவராத்திரிக்குச் சரஸ்வதி புறப்படும்போது மன்னரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுக்கும் சடங்கு இங்கேதான் நடக்கிறது. கம்பர் பூஜித்த விக்கிரகம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் அந்தச் சரஸ்வதிக்கு இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்துகிறார்கள். "பாண்டி" என்று அழைக்கப்பட்ட பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பதிலை யார் சொல்லிவிட முடியும்? அந்தச் சிறுவன் நவராத்திரியில் வணங்குகிற சரஸ்வதி இங்கிருந்துதான் அவன் ஊருக்கு வருகிறாள்.

அரண்மனைக்கு அருகில் வேளிமலைக் குமாரகோயில். ஆரியசாலைக்கு விருந்தாளியாக வரும் முருகனை அவன் சொந்த வீட்டில் ஒரு தடவை பார்த்துவிடலாம். தக்கலையிலேயே பீர்முகம்மது அப்பா தர்கா. தமிழில் ஞானப் பாடல்கள் தந்த சூஃபிப் பெரியவர் அடங்கிய இடம். முஸ்லிம் அன்பர்கள் மட்டுமல்ல, தமிழ் தெரிந்த எவரும் போக வேண்டிய இடம்.

பிற்பகல் நாகர்கோவில் தாண்டிச் சுசீந்திரம். தாணுமாலயன் கோயில், இசைத்தூண்கள், பதினெட்டு அடி அனுமார் எல்லாம் ஊரறிந்தவை. அங்கே வேறொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒரு காலத்தில் எல்லாரும் நடக்க முடியாது. 1926இல் டாக்டர் எம். இ. நாயுடு முதலியோர் அதற்காகச் சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகே கோயில் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. அதற்கும் முன்னால், தோளை மறைத்துச் சேலை உடுத்தும் உரிமைக்காகவே பெண்கள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் மன்னர் ஆணை இறங்கி வந்தது. அய்யா வைகுண்டரைச் சுவாமித்தோப்பிலிருந்து கொண்டுபோய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்து வைத்தார்கள். இன்று அதே பாதையில் சன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள், இந்த இடம் யார் கொடுத்தது என்று தெரிந்து உட்கார வேண்டும்.

கன்னியாகுமரியை இந்த நாளில் சேர்க்காமல் இருப்பதே உத்தமம். அதற்கு ரெயில் இருக்கிறது. 1979இல் திறந்த பாதை. காலையில் ஏறினால் இரவுக்குள் வீடு. வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும், இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலமும் எங்கும் போய்விடாது.

பணமும் நேரமும்

"கையில் காசு இருக்கிறவனுக்குச் சொல்லுங்கள், கூலிக்காரனுக்கு ஞாயிறு ஒன்றுதான், அன்றுதான் துணி துவைக்க வேண்டும், தூங்க வேண்டும்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆறு நாள் சுமை தூக்கியவனின் ஏழாம் நாள் தூக்கத்தைப் பறிக்க எவருக்கும் உரிமை கிடையாது. அதனால்தான் மூன்று ஞாயிறு என்பது அடுத்தடுத்து அல்ல. ஓர் ஆண்டில் மூன்று. 52இல் மூன்று. பெருமழை பெய்யும் ஆனி, ஆடியையும் ஐப்பசியையும் விட்டுவிட்டு, மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம்.

செலவும் பயப்படும்படி இல்லை. சாதாரண பஸ் போதும். தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் தொடங்கியது. களியக்காவிளைக்கு அப்பால் அது கைகொடுக்கும். புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொண்டு போனால் ஓட்டல் செலவு மிச்சம். ஒரு குடும்பம் தியேட்டருக்குப் போய் வரும் செலவுக்குள் அடக்கிவிடலாம்.

ஒன்று மட்டும் கூடாது. சரக்கு ஏற்றும் டெம்போவில் பாய் விரித்து முப்பது பேரை அடைத்துக்கொண்டு புறப்படும் வழக்கம். அதில் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை என்பது பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

யார் முன்வர வேண்டும்?

இதைத் தனி மனிதர் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. சாலையில் தமிழ் முதலாளிகள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வேஷ்டி துண்டு எடுத்துக் கொடுக்கும் நல்ல மனது அவர்களுக்கு உண்டு. அதோடு ஆண்டுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்து, "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் போய் வா" என்று சொன்னால், அது பத்து வேஷ்டிக்குச் சமம். இங்குள்ள தமிழ் அமைப்புகள் பொங்கலுக்குப் பட்டிமன்றமும் பேச்சுப் போட்டியும் நடத்துகின்றன. நல்லதுதான். ஆனால் மேடையில் தமிழ்ப் பெருமை கேட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளையைவிட, டிலனாய் கல்லறையில் தமிழ் எழுத்தை விரலால் தடவிப் பார்த்த பிள்ளை அதை அதிகநாள் மறக்காது. ஒரு சாதாரண பஸ்ஸை வாடகைக்குப் பேசி, தமிழும் மலையாளமும் தெரிந்த ஓர் ஆசிரியரையும் உடன் அனுப்பினால் போதும். மலையாளி நண்பர்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் விசேஷம். அவர்களுக்கும் இது தாய்வழிப் பாதைதான்.

காலதாமதம் செய்வதற்கும் இல்லை. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை புறவழிச்சாலை வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கத்திலும் நாற்கரச் சாலைக்காக வயலும் குளக்கரையும் எடுக்கப்பட்டிருக்கின்றன. வேகம் வேண்டியதுதான், ஆம்புலன்சும் லாரியும் நெரிசலில் நிற்பதை யாரும் விரும்பவில்லை. ஆனால் புதிய சாலை பால ராமபுரத்தையும் நெய்யாற்றின்கரையையும் ஒதுக்கிவிட்டுப் போகிறது. அதிலேயே போய்ப் பழகிவிட்ட தலைமுறைக்கு இந்த ஊர்கள் வழிகாட்டிப் பலகையில் வரும் வெறும் பெயர்களாகிவிடும். அதற்குள் ஒரு தடவை காட்டி வைத்துவிட வேண்டும்.

நவராத்திரி முடிந்ததும் மூன்று தெய்வங்களும் வந்த வழியே நிதானமாகத் திரும்பிப் போகின்றன. வந்த இடத்தில் விருந்தாளியாக மரியாதையோடு இருந்து, சொந்த வீட்டையும் மறக்காமல் திரும்புகிற தெய்வங்கள். பிழைக்க வந்த இடத்தில் வாழத் தெரிந்த சாலைத் தமிழர்கள், பிள்ளைகளுக்கு அந்த வழியையும் காட்டி வைக்கட்டும். அடுத்த தடவை பள்ளிக்கூட மைதானத்தில் எவனாவது "பாண்டி" என்று கூப்பிட்டால், அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வராது. "வா, உனக்கு ஒரு சாலை காட்டுகிறேன்" என்று அவனையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும்.